சைலன்சர் இல்லையென்று இன்ஜினை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் வந்த பிறகு, பொழுதுபோக்காகப் பறக்கவிடும் சிறிய மாதிரி விமானங்களின் மெத்தனால் இன்ஜின்கள் பரணுக்குப் போய்விட்டன. பரணில் கிடப்பதில் தவறில்லை. அங்கிருந்து நேராகப் பழைய இரும்புக் கடைக்குப் போவதுதான் வயிற்றெரிச்சல். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்: “இன்ஜின் நல்லாத்தான் சார் இருக்கு. சைலன்சர்தான் காணோம், எங்கே தேடியும் கிடைக்கல.” சாமான் உலகத்தில் இல்லாமல் போய்விடவில்லை. தேடும் விதம்தான் கோளாறு. இன்ஜின் பெயரைச் சொல்லித் தேடுகிறார்கள். தேட வேண்டியது அளவை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். 1940, 1950களில் வந்த பல இன்ஜின்களுக்குக் கம்பெனியே சைலன்சர் கொடுத்ததில்லை. 1949-இல் அறிமுகமான அமெரிக்க ஃபாக்ஸ் 35 ஸ்டண்ட் (35 என்பது 0.35 கன அங்குலக் கொள்ளளவு) ஓர் உதாரணம். சிலிண்டர் பக்கவாட்டில் ஒரு திறந்த வாய் இருக்கும், புகை அதன் வழியாக நேராக வெளியே போகும். சத்தத்துக்கு எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் சைலன்சர் வழக்கத்துக்கு வந்தது. பிரிட்டனில் 1982-இல் வந்த நடைமுறைக் கோவை, 7 மீட்டர் தூரத்தில் 82 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றது. ஆகவே மிகப் பழைய இன்ஜினுக்கு ‘ஒரிஜினல் சைலன்சர்’ என்று தேடுகிறவர், செய்யப்படாத ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருக்கலாம். பின்னாளில் வேறு யாரோ செய்து விற்றதுதான் அவருக்குப் பொருந்தும்.

இன்ஜினைக் கையில் எடுத்து, புகைவாயை மட்டும் பாருங்கள். வாயின் இரு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டு, ஆளுக்கொரு துளையுடன் இருந்தால் அது போல்ட் வகை. ஓ.எஸ்., சூப்பர் டைகர், தண்டர் டைகர் என்று 1970களுக்குப் பின் வந்தவற்றில் பெரும்பாலானவை இப்படித்தான். காதே இல்லாமல் வெறும் செவ்வக வாய் மட்டும் இருந்தால் பட்டை வகை: சிலிண்டரைச் சுற்றி ஒரு இரும்புப் பட்டை வந்து சைலன்சரை இழுத்துப் பிடிக்கும். ஃபாக்ஸ் 35, ஓ.எஸ். மேக்ஸ் 35எஸ் போன்றவை இந்த ரகம். காக்ஸ் .049 மாதிரி பொடி இன்ஜின்களில் சிலிண்டரைச் சுற்றி வளையமாக மாட்டுவது ஒரு வகை. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் என்றால் மரை போட்ட குழாயும் ஒரு பூட்டு நட்டும். இந்த நாலில் எது என்று தெரியாமல் காசு அனுப்பக் கூடாது.

போல்ட் வகைக்கு வேண்டிய அளவு இரண்டு துளைகளின் மையத்துக்கு மையம். ஸ்கேல் போதாது, வெர்னியர் வேண்டும். மையத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது என்பதால், துளைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து, பிறகு உள் விளிம்பிலிருந்து உள் விளிம்பு வரை அளந்து, இரண்டையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். வெளியே 40.5 மி.மீ., உள்ளே 33.3 மி.மீ. என்றால் மையதூரம் 36.9 மி.மீ. துளை தேய்ந்து முட்டை வடிவாகியிருந்தாலும் இந்தக் கணக்கு ஓரளவு சரியாக வரும். இதோடு புகைவாயின் அகலம், உயரம், காதின் தடிமன் ஆகியவற்றையும், பின்னாலிருந்து பார்த்தால் வாய் வலப்பக்கமா இடப்பக்கமா என்பதையும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். சைலன்சர் மாட்டிய பின் அது இன்ஜின் மவுன்டிலோ ஊசி வால்விலோ (எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) இடிக்குமா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். பொருந்தியும் மாட்ட முடியாமல் போவது பெரும்பாலும் அங்கேதான்.

மரையில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஜப்பான் இன்ஜின்களில் எம்3, எம்3.5, எம்4 என்ற மில்லிமீட்டர் மரை வரும். இதில் எம்3.5 நம்மூர் ஹார்டுவேர் கடையில் லேசில் கிடைக்காது. அமெரிக்க இன்ஜின்களில் 4-40, 6-32 போன்ற அங்குல மரை, பழைய பிரிட்டிஷ் இன்ஜின்களில் பிஏ என்ற பிரிட்டிஷ் அளவு மரை. 6-32 ஸ்க்ரூவும் எம்3.5 ஸ்க்ரூவும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், இரண்டுமே 3.5 மி.மீ. தடிமன். ஆனால் மரை இடைவெளி முன்னதில் 0.79 மி.மீ., பின்னதில் 0.6 மி.மீ. ஒன்றை மற்றதன் துளையில் விட்டால் இரண்டு சுற்று இனிமையாகப் போகும், மூன்றாவது சுற்றில் இறுகும். “இறுகிடுச்சு, நல்லது” என்று இன்னும் கொஞ்சம் திருப்பினால் அலுமினிய மரை தூளாகி வந்துவிடும். பிட்ச் கேஜ் (மரை இடைவெளி அளக்கும் கருவி) இல்லாமல் ஸ்க்ரூ வாங்க வேண்டாம். மரை ஏற்கெனவே போயிருந்தால், காதில் போதிய சதை இருக்கிறதா என்று பார்த்து 3.3 மி.மீ. டிரில் ஓட்டி எம்4 டேப்பால் புது மரை வெட்டுவதே எளிது. சதை போதாவிட்டால் ஹெலிகாயில், அதாவது துளைக்குள் மரையாகப் பதிக்கும் கம்பிச் சுருள்.

இனி தேடும் இடம். அமெரிக்காவில் ஓ.எஸ். இன்ஜின்களை விநியோகித்த ஹாபிகோ 2018 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. இப்படி ஒரு விநியோகஸ்தர் சாயும்போது பழைய மாடல்களின் உதிரிகள் பல கைகளுக்குச் சிதறிவிடுகின்றன. கே அண்ட் பி இன்ஜின்களின் உதிரிகள் கலிஃபோர்னியாவின் மெக்கோவா நிறுவனத்திடம் போயின. மற்றபடி ஈபேயும் பழைய சாமான் விளம்பரங்களும்தான் சந்தை. அங்கே தேடுசொல்லில் ஒரு சூட்சுமம் உண்டு. அமெரிக்கர் ‘மஃப்ளர்’ என்று எழுதுவார், பிரிட்டிஷ்காரர் ‘சைலன்சர்’ என்று எழுதுவார், ஜப்பான் கம்பெனியின் ஆங்கிலக் கையேட்டில் பெரும்பாலும் சைலன்சர் என்றே இருக்கும். வெப்ரா மாதிரி ஜெர்மன் வழி இன்ஜினுக்கு ‘ஷால்டேம்ஃபர்’ என்று அந்த மொழியிலேயே போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு சொல்லை மட்டும் போட்டுவிட்டு ‘இல்லை’ என்று முடிவு கட்டினால் பாதிச் சந்தையைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். சில சைலன்சர்களின் உடம்பில் வார்ப்பிலேயே எண் இருக்கும். அந்த எண்ணால் தேடினால் இன்ஜின் பெயர் குறிப்பிடாமல் விற்பதும் கண்ணில் படும்.

இன்னொரு வழி, உறவுமுறை பார்ப்பது. ஏ.எஸ்.பி., எஸ்.சி., மேக்னம் மூன்றும் வெவ்வேறு பெயரில் விற்றாலும் சீனாவின் சான்யே தொழிற்சாலைச் சரக்கு. ஒரே கொள்ளளவு என்றால் ஒன்றின் சைலன்சர் மற்றதற்குப் பொருந்த நல்ல வாய்ப்பு. ஆனால் ‘.40 சைலன்சர்’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். .40 என்பது 6.5 சி.சி. கொள்ளளவைச் சொல்கிறதே தவிர துளைகளின் தூரத்தைச் சொல்லவில்லை. ஒரே கம்பெனியின் இரண்டு .40 இன்ஜின்களுக்கே தூரம் மாறும். விற்பவரிடம் இரண்டே விஷயம் கேளுங்கள்: ஒட்டும் முகத்தை நேராகப் பார்த்து எடுத்த படம், அந்த முகத்தின் மேலேயே வைத்த வெர்னியரின் அளவு. இதைக் கொடுக்காதவரிடம் வாங்க வேண்டாம். சைலன்சரைத் தனியாக வாங்குவதைவிட, பிஸ்டன் போன ஓர் இன்ஜினை சைலன்சரோடு வாங்குவது சில நேரம் மலிவு. கூடவே இரண்டு ஸ்க்ரூவும் ஒரு கார்புரேட்டரும் லாபம். எண்ணெயும் எரிபொருள் வாடையும் இல்லாமல் கழுவி உலர்த்தி அனுப்பச் சொல்லிவிடுங்கள். மெத்தனால் வாடை அடிக்கும் பார்சலை விமான அஞ்சலில் ஏற்ற மறுப்பார்கள்.

சில சமயம் முழு சைலன்சரே தேவைப்படாது. ஓ.எஸ்ஸின் .40 அளவு சைலன்சர்களில் பல, முன்பகுதி, பின்கூம்பு, நடுவில் துளையிட்ட தடுப்பு என்று துண்டுகளாக இருக்கும்; உள்ளே ஓடும் ஒரு நீள ஸ்க்ரூதான் எல்லாவற்றையும் கோத்துப் பிடிக்கிறது. அதன் பூட்டு நட்டு அதிர்வில் தளர்ந்தால் பின்கூம்பு பறக்கும்போதே கழன்று எங்கோ வயலில் விழுந்துவிடும். அப்படியானால் தேட வேண்டியது பின்கூம்பும் நீள ஸ்க்ரூவும் மட்டும். மாட்டும்போது சேரும் விளிம்பில் சூடு தாங்கும் ஆர்டிவி சிலிக்கான் (மெக்கானிக்குகள் வாயில் அனபாண்ட்) மெல்லிய படலமாகத் தடவி, நட்டின் கீழ் ஸ்பிரிங் வாஷர் வைத்து, முதல் டாங்க் ஓடி முடிந்ததும் சூடாக இருக்கும்போதே ஒருமுறை இறுக்கிவிட வேண்டும். அந்த ஒரு இறுக்கலைச் சோம்பேறித்தனத்தால் விட்டுவிட்டுத்தான் பலர் கூம்பைத் தொலைக்கிறார்கள்.

கிடைத்த சைலன்சரின் மையதூரம் கொஞ்சம் வித்தியாசப்பட்டால் என்ன செய்வது? மொத்த வித்தியாசம் 2 மி.மீ.க்குள் என்றால் எலிவால் அரத்தால் சைலன்சரின் துளைகளை ஆளுக்கு 1 மி.மீ. நீட்டிவிட்டு, தடித்த வாஷர் போட்டு முறுக்கலாம். இன்ஜின் காதில் அரத்தை வைக்காதீர்கள். சைலன்சருக்கு மாற்று கிடைக்கும், இன்ஜினுக்குக் கிடைக்காது. வித்தியாசம் 12 மி.மீ.க்கு மேல் என்றால் நடுவில் 6 மி.மீ. அலுமினியத் தகட்டில் ஓர் அடாப்டர். ஒரு ஜோடித் துளை இன்ஜினில் இறுக்க, ஸ்க்ரூத் தலை உள்ளே அமிழும்படி கவுன்டர்சிங்க் செய்தது. இன்னொரு ஜோடி சைலன்சருக்கு, எம்4 மரை வெட்டியது. 6 மி.மீ. தகட்டில் எம்4 ஸ்க்ரூ தன் தடிமனைப் போல் ஒன்றரை மடங்கு ஆழம் கடிக்கும், அலுமினியத்துக்கு அது தேவை. நடுவில் வெட்டும் வாய் எந்த இடத்திலும் இன்ஜின் வாயைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. தொல்லை பிடித்தது 2-க்கும் 12-க்கும் இடைப்பட்ட வித்தியாசம். இரண்டு ஜோடித் துளையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும். அங்கே சைலன்சர் காதின் பழைய துளையை ஆர்கான் வெல்டிங்கில் அடைத்து, முகத்தைச் சமப்படுத்தி, புதிதாகத் துளை போடுவதே சரி. கோவையில் லேத் பட்டறையும் ஆர்கான் வெல்டிங்கும் தெருவுக்குத் தெரு உண்டு. இதற்கு ஜப்பானுக்கு எழுத வேண்டியதில்லை. வெல்டிங்குக்குக் கொடுக்குமுன் உள்ளே ஊறிய எண்ணெயை முழுக்க எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வார்ப்பு அலுமினியம் நுரைத்து ஓட்டை ஓட்டையாக நிற்கும். ஒட்டும் முகத்தில் எபாக்சி பூசி ஓட்டிவிடலாம் என்பது வீண் வேலை. சூட்டில் இளகிவிடும்.

முகம் சமமாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் நம்பாதீர்கள். கண்ணாடித் துண்டின் மேல் 400 எண் எமரி ஷீட்டை விரித்து, முகத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, எட்டு போடுவதுபோல் நாலு தேய்ப்பு. கோடு அழியாத இடம் பள்ளம். ஓடும்போது இணைப்பில் கறுத்த எண்ணெய் ஒரு துளி கசிந்து காதின் அடியில் தொங்கினால் அங்கேதான் கசிவு. அதை ஸ்க்ரூவை இன்னும் முறுக்கிச் சரிசெய்ய நினைத்தால் காது உடையும். முகத்தைச் சமப்படுத்தி, மெல்லிய கேஸ்கெட்டோ ஆர்டிவி படலமோ வைத்தால் நின்றுவிடும்.

பட்டை வகைக்கு வேறு எச்சரிக்கை. ஃபாக்ஸ் 35 போன்ற பழைய இன்ஜின்களின் உடல் மெல்லியது. பட்டையை அளவுக்கு மீறி இறுக்கினால் சிலிண்டரே நசுங்கி வட்டம் கெடும், பிஸ்டன் பிடிக்கும். இறுக்குமுன் புரொப்பெல்லரைக் கையால் மெல்லச் சுற்றி அந்த உணர்வை மனதில் வையுங்கள். இறுக்கிய பின் மறுபடி சுற்றுங்கள், துளி கூடுதல் பிடிப்பு தெரிந்தாலும் தளர்த்துங்கள். ஒரிஜினல் பட்டை கிடைக்காவிட்டால் ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளிப் போதும். கயிறு கட்டிப் பறக்கும் கன்ட்ரோல் லைன் விமானத்துக்கு ‘டங் மஃப்ளர்’ என்றொரு ரகம் உண்டு, வாய்க்குள் நுழையும் நாக்கு வைத்தது, மிக லேசானது. .46 அளவு இன்ஜினின் சாதாரண சைலன்சர் சுமார் 100 கிராம் இருக்கும். அந்த எடையைக் கணக்கில் கொள்ளாமல் வடிவமைத்த பழைய மாடலில் அதை மாட்டினால் மூக்கு கனத்துவிடும்.

1960களின் ரேடியோ கன்ட்ரோல் இன்ஜின்கள் சிலவற்றில் புகைவாய்க்குள்ளேயே ஒரு சிறிய கதவு இருக்கும், கார்புரேட்டரோடு கம்பியால் இணைத்தது. வேகத்தைக் குறைக்கும்போது அது புகைவழியையும் மூடும். சைலன்சர் மாட்டும்போது அந்தக் கதவையும் அச்சையும் எடுத்துவிட்டு, அச்சு போன துளைகளைச் சிறு ஸ்க்ரூவால் அடைக்க வேண்டும். எடுத்த உறுப்புகளைத் தூக்கிப் போடாதீர்கள். அது இல்லாமல் அந்த இன்ஜினுக்குச் சேகரிப்பாளர்களிடம் பாதி விலைதான்.

எதுவுமே கிடைக்காமல் புதிதாகச் செய்வதென்றால் உத்தேச அளவு இது: அறையின் கொள்ளளவு இன்ஜின் கொள்ளளவைப் போல் குறைந்தது பத்து மடங்கு. 5.8 சி.சி. இன்ஜினுக்கு 58 சி.சி., அதாவது உள்விட்டம் 32 மி.மீ. உள்ள அலுமினியக் குழாயில் 72 மி.மீ. நீளம். கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை. புகை வெளியேறும் குழாயின் வாயைச் சிறிதாக்கினால் சத்தம் குறையும்தான், ஆனால் இன்ஜின் சூடேறி, கலவை வறண்டு, பிளக் போகும். பழைய இன்ஜினில் குளிர்ச்சியாக ஓடட்டும் என்று பெரிய பக்கமாகத் தொடங்கி, பிறகு உள்ளே ஒரு வளையம் வைத்துக் குறைப்பதே புத்திசாலித்தனம். இரும்பிலோ பித்தளையிலோ செய்தால் வெள்ளி பிரேசிங். ரேடியோ ஈயம் 183 டிகிரியில் உருகும், அது இங்கே ஒரு நிமிடம் தாங்காது.

சைலன்சரிலிருந்து டாங்குக்கு அழுத்தம் கொடுக்கும் நிப்பிள் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் 4.2 மி.மீ. துளையிட்டு எம்5 மரை வெட்டியோ, 3.3 மி.மீ. துளையிட்டு எம்4 வெட்டியோ போடலாம், நிப்பிளைப் பொறுத்து. சைலன்சரை இன்ஜினிலிருந்து கழற்றிய பிறகே துளையிட வேண்டும். ஓர் அலுமினியச் சீவல் சிலிண்டருக்குள் போனால் கதை முடிந்தது. நிப்பிள் உள்ளதிலிருந்து இல்லாததற்கு மாறினால் ஊசி வால்வைக் கூடுதலாகத் திறக்க வேண்டும், இல்லாததிலிருந்து உள்ளதற்கு மாறினால் மூட வேண்டும். இந்த ஒரு திருத்தத்தைச் செய்யாமல் “இந்த சைலன்சர் போட்டதிலிருந்து இன்ஜின் சரியில்லை” என்று குறை சொல்பவர்கள் ஏராளம்.

பழைய சைலன்சர் அடைத்துக்கொண்டிருப்பதைக் கெட்டுப்போனதாக நினைப்பதும் உண்டு. இந்த இன்ஜின்கள் குடித்தது நம்ம விளக்கெண்ணெய்தான். ஃபாக்ஸ் 35 போன்றவற்றுக்கு எரிபொருளில் கால் பங்குக்கும் மேல் அதுவே. அது வெந்து அரக்காகி உட்தடுப்பின் துளைகளை மூடிவிடும். சமையலுக்குப் பயன்படாத ஒரு பழைய பாத்திரத்தில் கார் ரேடியேட்டர் கூலன்ட் (எத்திலின் கிளைக்கால் உள்ளது, தண்ணீர் கலக்காதது) ஊற்றி, அதில் சைலன்சரை மூழ்கவிட்டு, கொதிக்காமல் சிறு சூட்டில் நாலைந்து மணி நேரம் வைத்தால் அரக்கு தானாக உரியும். வெளியே காற்றோட்டத்தில், குழந்தைகளும் நாயும் அண்டாத இடத்தில் செய்ய வேண்டும். அந்தத் திரவம் இனிக்கும், ஆனால் விஷம். சாக்கடை அடைப்புக்குப் போடும் காஸ்டிக் சோடாவை மட்டும் தொடவே தொடாதீர்கள். அரக்கோடு சேர்த்து அலுமினியத்தையும் தின்றுவிடும்.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழாயின் வெளிவிட்டமும் மரை இடைவெளியும் தெரிந்தால் ஒரு நல்ல டர்னர் நட்டையும் குழாயையும் கடைந்து கொடுத்துவிடுவார். பூட்டு நட்டு இல்லாமல் ஓட்டினால் குழாய் கழன்று, தலைப்பகுதியின் மரையையும் கையோடு கொண்டுபோகும்.

என்.சி.சி. விமானப் பிரிவில் ஏரோமாடலிங் பயிற்சி உண்டு. வாயு சைனிக் முகாமில் போட்டியும் நடக்கிறது. இந்த வழியாகக் கல்லூரி ஸ்டோர்களில் சேர்ந்த பழைய இன்ஜின்கள், கணக்கு முடிக்கும்போது ‘உதிரி கிடைக்கவில்லை’ என்ற குறிப்போடு கழிக்கப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஏலம் விடுவதற்கு முன் ஒவ்வொரு இன்ஜினிலும் ஒரு சீட்டு கட்டட்டும்: கொள்ளளவு, பொருத்தும் வகை, மையதூரம், மரை. தனியாகக் கிடக்கும் சைலன்சர்களையும் அவ்வாறே அளந்து அதே பெட்டியில் போடட்டும். எந்த இன்ஜினுக்கு எது என்று எழுதியிராவிட்டாலும் பரவாயில்லை, அளவு இருந்தால் வாங்குகிறவர் ஜோடி சேர்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்